சான்றிதழில் முளைத்த &#039; : ஒரு பழைய பதிவுப் படிவத்தைப் பழுதுபார்த்த குறிப்புகள்

பயிற்சி வகுப்புச் சான்றிதழ்கள் அச்சாகி வந்த பிறகுதான் கவனித்தார்கள். "டி'சூசா" என்று இருக்க வேண்டிய இடத்தில் "டி&#039;சூசா" என்று இருந்தது. நடுவில் ஒற்றை மேற்கோள் குறி நிற்க வேண்டிய இடத்தில் ஆறு குறிகள். பதிவுகளைக் கவனிக்கும் அக்கா அந்தப் பெயரைத் திருத்திச் சேமித்தார். மறுபடியும் அதேதான் வந்தது. பிறகொரு நாள் அதே நபரின் தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றிச் சேமித்தார். பெயரைத் தொடவே இல்லை. ஆனால் இந்த முறை பெயர் இன்னும் நீண்டிருந்தது. "தம்பி, நான் சேமிக்கச் சேமிக்க அது வளர்ந்துகிட்டே போகுது" என்றார்.

அதே வாரத்தில், படிவம் எழுதப்பட்டிருந்த நிரல்மொழியான பிஎச்பி-யைச் சர்வரில் 8-ஆம் பதிப்புக்கு உயர்த்தினார்கள். படிவத்தில் எதை நிரப்பி அனுப்பினாலும் வெள்ளைப் பக்கம்தான் வந்தது. பிழைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால், மேஜிக் கோட்ஸ் என்ற பழைய வசதி இயங்குகிறதா என்று கேட்கும் ஃபங்ஷன் (பெயரிட்ட நிரல் துண்டு) இல்லை என்றிருந்தது. இரண்டு சிக்கலும் ஒரே இடத்தில் போய் முடிந்தன. எல்லாப் படிவத் தரவும் கடந்து போகும் ஒரு பொதுக் கோப்பில் 'கிளீன்' என்று ஒரு ஃபங்ஷன். மொத்தம் ஒன்பது வரி.

பயிற்சி வகுப்புகளுக்கு ஆள் சேர்க்கும் சிறிய வலைச் செயலி அது. பலர் கை மாறி வந்தது. அதைச் சரிசெய்ய எனக்குச் சில வார மாலைகள் பிடித்தன. இதே மாதிரி ஒரு 'கிளீன்' பலருடைய பழைய நிரல்களிலும் இருக்கும் என்று தெரியும். அதனால் எங்கெங்கே இடறினேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்த ஒன்பது வரி

முதல் வரி ஓரங்களில் இருக்கும் இடைவெளியை நீக்குகிறது. அடுத்தது மேஜிக் கோட்ஸ் இயங்கினால் பின்சாய்கோடுகளை எடுத்துவிடுகிறது. வரும் எல்லாத் தரவிலும் மேற்கோளுக்கு முன்னால் தானாகவே \ போட்டுவிடும் பழைய வசதி அது. பாதுகாப்பு என்று நம்பி வைத்தது. பிஎச்பி 5.3-இல் கைவிடப் பரிந்துரைத்து, 2012-இல் வந்த 5.4-இல் எடுத்தே விட்டார்கள். ஆனால் 'அது இயங்குகிறதா' என்று கேட்கும் ஃபங்ஷன் மட்டும் 'இல்லை' என்று பதில் சொல்லிக்கொண்டே 8.0 வரும்வரை உயிரோடு இருந்தது. வெள்ளைப் பக்கத்துக்குக் காரணம் அதுதான். அந்த வரியை எடுத்ததும் படிவம் எழுந்து நின்றது. அத்தோடு மூடி வைத்திருக்கலாம். ஆனால் மீதி வரிகளைப் படித்த பிறகு மூட மனம் வரவில்லை.

அடுத்து, தரவுத்தளக் கட்டளைகளில் வரும் 'செலக்ட்', 'யூனியன்', 'டிராப்' ஆகிய ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்தாலும் தேடி அழிக்கும் வரி. அதன் பின், வலைப்பக்கத்துக்குள் நிரலை நுழைக்கும் ஸ்கிரிப்ட் டேக்கை அழிக்கும் வரி. அதன் பின், < > குறிகளுக்குள் வரும் டேக்குகள் எல்லாவற்றையும் வெட்டும் ஸ்ட்ரிப் டேக்ஸ். கடைசியில் எச்டிஎம்எல் ஸ்பெஷல்சார்ஸ்: வலைப்பக்க மொழியான எச்டிஎம்எல்-இல் தனிப்பொருள் உள்ள குறிகளை மாற்றெழுத்தாக்குவது; இங்கே மேற்கோள் இரண்டையும் மாற்றும் கொடியோடு (கூடுதல் அமைப்போடு).

எழுதியவருடைய எண்ணம் புரிகிறது. உள்ளே வரும்போதே எல்லா அழுக்கையும் கழுவிவிட்டால் அப்புறம் எங்கும் கவலைப்பட வேண்டியதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'அழுக்கு' என்று ஒன்று தனியாகக் கிடையாது. ஒரு மேற்கோள் குறி, தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் எஸ்க்யூஎல் வாக்கியத்துக்குள் நுழைந்தால் ஆபத்து. பெயருக்குள் இருந்தால் அது பெயரின் பகுதி. < குறி எச்டிஎம்எல் பக்கத்தில் ஆபத்து. மின்னஞ்சலின் உரையில் வெறும் குறி. ஒரு எழுத்து எங்கே போய்ச் சேரப்போகிறது என்பது தெரியாமல் அது ஆபத்தா இல்லையா என்று வாசலில் நின்று சொல்ல முடியாது.

டி'சூசாவின் பெயருக்கு நடந்ததும் இதுதான். சேமிக்கும்போது மேற்கோள் &#039; ஆகிவிட்டது. பெயர்ப் பட்டியல் பக்கம் தரவுத்தளத்தில் இருப்பதை அப்படியே அச்சிட்டது; பிரவுசர் &#039; என்பதைப் படித்து மறுபடி மேற்கோளாகக் காட்டியது. அதனால் பல வருஷமாக யாருக்கும் தெரியவில்லை. சான்றிதழ் பிடிஎஃப். அதற்கு எச்டிஎம்எல் தெரியாது. கொடுத்ததைக் கொடுத்தபடி அச்சடித்தது. வளர்ந்துகொண்டே போனதற்கு இன்னொரு காரணம். திருத்தும் பக்கத்தைப் பிற்பாடு வேறொருவர் டெம்ப்ளேட் எஞ்சின் (பக்க வார்ப்பில் தரவை நிரப்பித் தரும் கருவி) வைத்து எழுதியிருக்கிறார். அது வெளியே காட்டும்போது தானே எஸ்கேப் செய்யும், அதாவது தனிப்பொருள் உள்ள குறிகளை மாற்றெழுத்தாக்கும்; சரியான வேலைதான். அதனால் பெட்டிக்குள் &#039; என்றே தெரிந்தது; சேமித்தால் & குறி மறுபடி 'கிளீன்' வழியாகப் போய் இன்னொரு உறை போட்டுக்கொண்டது. ஒவ்வொரு சேமிப்புக்கும் ஓர் உறை. அக்கா பெயரைத் தொடாமலே அது நீண்டது இப்படித்தான்.

சொற்களை அழிக்கும் வரி இன்னும் மோசம். காலை வகுப்பைத் 'செலக்ட்' செய்ய விரும்புகிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதியவர்களின் வாக்கியத்தில் அந்தச் சொல்லே காணாமல் போயிருந்தது. பணியிடம் என்ற பெட்டியில் யூனியன் என்ற சொல் உள்ள பெயர்கள் எல்லாம் அரைகுறையாக நின்றன. இவ்வளவு சேதம் செய்தும் அது எதையும் தடுக்கவில்லை. ஒரு முறை மட்டும் தேடி அழிக்கும் எந்த வரியையும் ஏமாற்றுவது எளிது. <ஸ்கி<ஸ்கிரிப்ட்>ரிப்ட்> என்று எழுதி அனுப்புங்கள். நடுவில் இருப்பது அழியும். இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு <ஸ்கிரிப்ட்> முழுசாக எழுந்து நிற்கும். கோப்புப் பாதையில் ../ என்பதை அழிக்கிறவர்களுக்கு ....// அனுப்பினாலும் இதே கதை.

தடை செய்த சொற்களின் பட்டியல் எப்படித் தோற்கும் என்பதற்கு 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் நடந்ததைவிட நல்ல பாடம் இல்லை. பிரவுசரில் ஓடும் நிரல்மொழியான 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லைத் தளம் வடிகட்டியது. சாமி காம்கர் என்ற பயனர் 'ஜாவா' ஒரு வரியிலும் 'ஸ்கிரிப்ட்' அடுத்த வரியிலும் வருமாறு நடுவில் ஒரு புதுவரிக் குறியை வைத்தார். வடிகட்டி கண்டுகொள்ளவில்லை, சில பிரவுசர்கள் இரண்டையும் சேர்த்துப் படித்து இயக்கின. 20 மணி நேரத்துக்குள் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பயனர் பக்கங்களில் அந்த நிரல் தொற்றியது.

மேற்கோளே இல்லாமல் நுழைந்தது

'கிளீன்' மேற்கோளை எல்லாம் மாற்றிவிடுகிறதே, தரவுத்தளமாவது பத்திரமாக இருக்குமே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஒரு நகலை என் கணினியில் நிறுவி, பதிவு விவரம் காட்டும் பக்கத்தின் முகவரியில் பதிவு எண் இருக்கும் இடத்தில் இதைப் போட்டேன்:

0 || 1=1

ஒரே ஒரு பதிவைக் காட்ட வேண்டிய பக்கம், பதிந்த அத்தனை பேரின் விவரங்களையும் வரிசையாகக் கொட்டியது. இந்த வரியில் மேற்கோள் இல்லை, < இல்லை, தடை செய்த சொல் ஒன்றும் இல்லை. 'கிளீன்' அதைக் கைப்படாமல் விட்டது. பதிவு எண் வாக்கியத்துக்குள் மேற்கோள் இல்லாமல் வெறுமனே ஒட்டப்பட்டிருந்ததால், தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல் அதை எண்ணாகப் பார்க்கவில்லை, நிபந்தனையாகவே படித்தது. '0-க்குச் சமமாக இருந்தால், அல்லது 1-உம் 1-உம் சமமாக இருந்தால்.' எல்லா வரிசைக்கும் அது உண்மை.

அந்தப் பக்கம் நிரம்பி வழிந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எல்லாம் நம்பித் தந்தவர்களுடையவை. சர்வரில் இயங்கும் பிரதியை அன்றிரவே மூடச் சொல்லிவிட்டுத்தான் மேலே வேலை செய்தேன். இப்படித் தரவின் வழியே கட்டளையை நுழைக்கும் எஸ்க்யூஎல் ஊடுருவல் 1998 டிசம்பரில் 'ஃப்ராக்' என்ற ஹேக்கர் இதழின் 54-ஆம் பதிப்பிலேயே விவரிக்கப்பட்டுவிட்டது. மருந்தும் வெகு காலமாகக் கையில் இருக்கிறது.

மருந்து, வாக்கியத்தையும் மதிப்பையும் பிரித்து அனுப்புவது. பிஎச்பி-யைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் பிடிஓ-வில் வாக்கியத்தை முதலில் ? குறியோடு தயார் செய்யச் சொல்கிறோம். தரவுத்தளம் அதன் இலக்கணத்தைப் பிரித்து வைத்துக்கொள்கிறது. மதிப்பு பிறகு தனியாகப் போகிறது. அப்போது அதற்குள் என்ன இருந்தாலும் மதிப்புதான். வாக்கியத்தின் உறுப்பாக மாற வழியே இல்லை. ஒரு விஷயம் கவனியுங்கள்: மைஎஸ்க்யூஎல்-உடன் பிடிஓ இயல்பாகவே இந்தத் தயாரிப்பைத் தானே பாவனை செய்து, முழு வாக்கியமாகக் கோத்துத்தான் அனுப்பும். எமுலேட் பிரிப்பேர்ஸ் என்ற அமைப்பை அணைத்தால்தான் உண்மையிலேயே பிரிந்து போகும். அணைத்தேன்.

நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களில் வாக்கியங்களை மாற்ற வேண்டியிருந்தது. சலிப்பான வேலைதான், ஒவ்வொன்றாகச் செய்து முடித்தேன். ஓர் இடத்தில் மட்டும் ? வேலை செய்யவில்லை. பட்டியலை எந்தப் பத்தியால் வரிசைப்படுத்துவது என்பது முகவரியிலிருந்து வந்தது. பத்தியின் பெயர் மதிப்பு இல்லை, வாக்கியத்தின் உறுப்பு, அதைத் தனியாக அனுப்ப முடியாது. அங்கே சிறு பட்டியல் வைத்தேன்: பெயர், பதிந்த தேதி, வகுப்பு. வந்தது இந்த மூன்றில் ஒன்றா? இல்லையென்றால் பெயர். வந்த சொல்லை நேரடியாக ஒட்டுவதே இல்லை. அது சுட்டும் என்னுடைய சொல்லைத்தான் ஒட்டுகிறேன்.

வாசலில் என்ன கேட்பது

'கிளீன்' போன பிறகு அதன் இடத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகச் சரிபார்ப்பு எழுதினேன். விதி ஒன்றுதான்: சரியாக இருந்தால் அப்படியே ஏற்றுக்கொள், தவறாக இருந்தால் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பு. நடுவில் நின்று நானாகத் திருத்தாதே. விதி எளிது, பெட்டிகள் எளிதாக இல்லை.

பெயர்ப் பெட்டியில் 'எழுத்து, இடைவெளி, புள்ளி, மேற்கோள், இடைக்கோடு மட்டும்' என்று ஒரு ஒழுங்குக்கோவை (எந்த வடிவ உரை செல்லும் என்று சொல்லும் சூத்திரம்) எழுதினேன். எல்லா மொழிக் குறிகளுக்கும் எண் தரும் யூனிகோடில், எழுத்து என்று வகைப்படுத்தப்பட்ட எல்லா மொழியின் குறிகளையும் ஏற்கும்படி செய்தேன். ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் போயின. தமிழ்ப் பெயர்கள் ஒன்றுவிடாமல் திரும்பி வந்தன. காரணம், யூனிகோட் கணக்கில் 'மி' என்பது ஓர் எழுத்து இல்லை. ம ஓர் எழுத்து. அதன் கொக்கி ஒரு சேர்க்கைக் குறி. புள்ளியும் அப்படியே. எழுத்து வகையில் இவை சேராது. குறி வகையையும் சேர்த்து அனுமதித்தால்தான் நம் பெயர்கள் உள்ளே வரும். 'எல்லா மொழிக்கும் இடம் கொடுத்துவிட்டோம்' என்று நம்பி இந்த இடத்தில் நிறுத்திக்கொண்ட தளங்களை நானே பயன்படுத்தியிருக்கிறேன்; நம் பெயரை நம் எழுத்தில் எழுதினால் 'செல்லாத பெயர்' என்று சொல்லும். அந்த வரியைப் படிக்கும்போது வருகிற வருத்தம் சின்னதில்லை.

கடைசியில் அந்தக் கோவையையே எடுத்துவிட்டேன். ஒருவருடைய பெயரில் என்ன குறி வரலாம் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? இப்போது மூன்றே கேள்விகள்தான்: செல்லுபடியாகும் யூடிஎஃப்-8 (யூனிகோட் குறிகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) தானா, கட்டுப்பாட்டுக் குறிகள் உள்ளனவா, நீளம் எவ்வளவு.

கட்டுப்பாட்டுக் குறிகளில் எனக்கு அக்கறை புதுவரிக் குறிமேல்தான். ஒற்றை வரிப் பெட்டியில் யார் புதுவரி போட முடியும் என்று தோன்றலாம். ஒற்றை வரி என்பது பிரவுசர் கொடுக்கும் வாக்குறுதி. கர்ல் போன்ற கருவியால் நேராகச் சர்வருக்கு அனுப்புகிறவரை அது கட்டுப்படுத்தாது. இந்தச் செயலி, பதிந்தவரின் பெயரை மின்னஞ்சலின் தலைப்பகுதியில் அனுப்புநர் பெயராக ஒட்டியது. பெயருக்கு நடுவில் ஒரு புதுவரி போட்டு, அடுத்த வரியில் 'பிசிசி' (மறைநகல்) என்று தொடங்கி நூறு முகவரிகளை எழுதினால், சர்வர் அந்த நூறு பேருக்கும் பணிவாக மின்னஞ்சல் அனுப்பும். வேண்டாத விளம்பர மின்னஞ்சல் அனுப்புகிறவர்கள் தேடித் திரிவது இந்த மாதிரிப் படிவங்களைத்தான்.

நீளத்துக்கு வருவோம். பழைய நிரல் 30-க்கு மேல் போனால் பெயரை வெட்டியது. எதில் 30? நீளம் அளக்கும் ஸ்ட்ர்லென் என்ற ஃபங்ஷன் பைட்டுகளை எண்ணும். 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடில் 5 குறியெண்கள். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. அதாவது 30 என்ற எல்லைக்குள் தமிழில் பத்துக் குறியெண்கள்தான் அடங்கும். முதலெழுத்தோடு எழுதினால் பாதிப் பெயர் அறுந்துவிடும். வெட்டு ஓர் எழுத்தின் மூன்று பைட்டுக்கு நடுவில் விழுந்தால் கடைசியில் கேள்விக்குறிக் கட்டம் வேறு. எம்பி ஸ்ட்ர்லென்னுக்கு மாற்றினேன், அது குறியெண்களை எண்ணுகிறது. மைஎஸ்க்யூஎல்-இன் வார்சார் என்ற உரைப் பத்தியின் எல்லையும் அதே கணக்குதான். கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ண கிராஃபீம் ஸ்ட்ர்லென் இருக்கிறது. 'இன்னும் இத்தனை எழுத்து எழுதலாம்' என்று பயனருக்குக் காட்டும் இடத்தில் அதைப் பயன்படுத்தினேன். எல்லையைத் தாண்டினால் வெட்டுவதில்லை. திருப்பிச் சொல்கிறேன்.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல் இரட்டைப் பதிவில் வெளிப்பட்டது. 'கொ' என்பதை யூனிகோடில் இரு வழியாக எழுதலாம். க-வோடு ொ என்ற ஒற்றைக் குறியெண். அல்லது க-வோடு ெ, பிறகு ா என்று இரண்டு. திரையில் வித்தியாசமே தெரியாது. பைட் பைட்டாக ஒப்பிட்டால் இரண்டும் வேறு வேறு சொற்கள். ஒருவர் கணினியில் ஒரு விசைப்பலகையிலும் கைபேசியில் இன்னொன்றிலும் தட்டினால், அதே பெயருக்கு இரண்டு பதிவுகள். உள்ளே வந்ததும் நார்மலைசர் கொண்டு, இரண்டையும் ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் மற்றச் சரிபார்ப்புகளைத் தொடங்குகிறேன். இது 'நானாகத் திருத்தாதே' என்ற விதிக்கு எதிரானதில்லையா என்று யோசித்தேன். இல்லை; யூனிகோடே இரண்டும் ஒன்றுதான் என்று சொல்கிறது, சொல் மாறுவதில்லை. ஆனால் 'ஔ' என்பதற்குப் பதில் ஒ-வும் ள-வும் சேர்த்துத் தட்டியிருந்தால் நார்மலைசர் அதைத் தொடாது. நானும் தொடவில்லை.

'எத்தனை ஆண்டு அனுபவம்?' என்ற பெட்டியைப் பற்றி ஒரு புகார் வெகு நாளாகவே இருந்திருக்கிறது: புதிதாகச் சேர்பவர்கள் 0 என்று போட்டால் 'இந்தப் பெட்டியை நிரப்புங்கள்' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. வெறுமையா என்று கேட்கும் பிஎச்பி-யின் எம்ப்டி, "0" என்ற சரத்தையும் (எழுத்துகளின் தொடரையும்) வெறுமை என்றே சொல்லும். அதை எடுத்துவிட்டு, வெற்றுச் சரமா என்று நேராக === (மதிப்பும் வகையும் இரண்டும் ஒன்றா என்று பார்க்கும் குறி) வைத்துக் கேட்டேன். எண்ணைச் சரிபார்க்க முதலில் எழுதிய கோவையிலும் ஒரு குழி இருந்தது. யூனிகோட் முறையில் இயங்கும்போது 'இலக்கம்' என்ற வகையில் தமிழ் எண்களும் சேரும். ௧௨ என்று எழுதினால் கோவை 'சரி' என்றது. அடுத்த வரியில் முழு எண்ணாக மாற்றியபோது 0 வந்தது. சரிபார்ப்பு ஒன்றைச் சொல்கிறது, மாற்றம் இன்னொன்றைச் செய்கிறது. இப்படி இரண்டுக்கும் கருத்து வேறுபடும் இடங்கள்தான் எனக்கு எப்போதும் பயம். இப்போது சரிபார்ப்பதும் மாற்றுவதும் ஒரே வேலையாக ஃபில்டர் வார் என்ற ஃபங்ஷன் வழியாக, கீழெல்லை மேலெல்லையோடு நடக்கிறது. அது தோற்றால் ஃபால்ஸ் ('பொய்' என்ற மதிப்பு) தரும், 0 வந்தால் 0 தரும்; அங்கேயும் === மறக்கக் கூடாது.

தேதியிலும் இதே வகைக் குழி. 2023-02-31 என்று கொடுத்தேன். தேதியைப் படிக்கும் டேட்டைம் மறுப்புச் சொல்லாமல் மார்ச் 3 என்று எடுத்துக்கொண்டது. வாங்கிய தேதியை மறுபடி அதே வடிவத்தில் சரமாக்கி, வந்த சரத்தோடு ஒப்பிட்டேன். ஒத்துப்போகாவிட்டால் அப்படியொரு நாள் இல்லை.

மின்னஞ்சலுக்கு அதிகம் மெனக்கெடவில்லை. 254 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, வடிவம் பொதுவாகச் சரியாக இருக்க வேண்டும். அந்த முகவரி உண்மையிலேயே அவருடையதுதானா என்பதை எந்தக் கோவையாலும் சொல்ல முடியாது. உறுதிப்படுத்தும் இணைப்பை அனுப்பி, அவர் சொடுக்கினால்தான் தெரியும்.

இணையப் பக்க முகவரி என்ற பெட்டி என்னை ஏமாற்றப் பார்த்தது. ஃபில்டர் வாரின் முகவரிச் சரிபார்ப்பு, 'ஜாவாஸ்கிரிப்ட்:' என்று தொடங்கி இரண்டு சாய்கோடு போட்ட முகவரியையும் சரி என்கிறது. இலக்கணப்படி அது முகவரிதான். அதை இணைப்பாக்கிப் பக்கத்தில் வைத்தால், சொடுக்குகிறவரின் பிரவுசரில் நிரல் ஓடும். தொடக்கம் எச்டிடிபி அல்லது எச்டிடிபிஎஸ் ஆக இருந்தால் மட்டும் ஏற்கும்படி தனியே ஒரு கேள்வி சேர்த்தேன்.

வகுப்புத் தேர்வுப் பெட்டியைப் பற்றி அக்கா ஒன்று சொன்னார்: மூடிய வகுப்புக்கும் ஓரிருவர் பதிந்துவிடுகிறார்களாம். முதல் நாள் திறந்து வைத்த பக்கத்தை மறுநாள் அனுப்பினால் பழைய பட்டியல்தானே போகும். வந்த வகுப்பு எண் இப்போது திறந்திருக்கிறதா என்று சர்வரில் கேட்கவே இல்லை. கீழிறங்கு பட்டியலும், கண்ணுக்குத் தெரியாத மறைபுலமும் பிரவுசரில் இருப்பவை. அவற்றில் நாம் எழுதி வைத்ததே திரும்பி வரும் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை.

கடைசியாக ஒன்று. பெட்டியின் பெயருக்குப் பின்னால் [] சேர்த்து அனுப்பினால் பிஎச்பி அதைச் சரமாக இல்லாமல் அணியாக (மதிப்புகளின் பட்டியலாக) கொடுக்கும். அணியை ட்ரிம் செய்ய (ஓர இடைவெளி நீக்க) போனால் 8-ஆம் பதிப்பு பிழை எறிந்து நின்றுவிடும். எல்லாப் பெட்டிக்கும் முதல் கேள்வி, 'இது சரம்தானா?'

வெளியே போகும் வாசல்கள்

இப்போது தரவுத்தளத்தில் மனிதர்கள் எழுதியது எழுதியபடியே இருக்கிறது. அதனால் எஸ்கேப் செய்யும் பொறுப்பு முழுக்க வெளியேறும் இடத்துக்கு வந்துவிட்டது. பட்டியல் பக்கத்தையும் டெம்ப்ளேட்டுக்கு மாற்றினேன். தானாக எஸ்கேப் ஆகிறது. டெம்ப்ளேட் இல்லாமல் நேராக எழுதும் ஓரிரு இடத்தில் எச்டிஎம்எல் ஸ்பெஷல்சார்ஸ். பழைய நிரல்களைப் பார்க்கிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: 8.1-க்கு முன் அது இயல்பாக ஒற்றை மேற்கோளை விட்டுவிடும். ஒற்றை மேற்கோளுக்குள் பண்புகளை எழுதிய பக்கம் என்றால் அது திறந்த கதவுதான். மேற்கோள் இரண்டையும் மாற்றும் கொடியைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பக்கத்துக்குள் ஸ்கிரிப்ட் டேக்கில் ஒரு பெயரைச் சேர்க்கும் இடம் ஒன்று இருந்தது. அங்கே எச்டிஎம்எல் எஸ்கேப் பொருந்தாது. மதிப்பை ஜாவாஸ்கிரிப்ட் படிக்கும் வடிவத்துக்கு மாற்றும் ஜேசான் என்கோட், அதிலும் < > & குறிகளைக் குறியெண்ணாக மாற்றும் கொடிகளோடு. பிடிஎஃப்-க்கு ஒன்றும் வேண்டாம்.

பட்டியலை விரிதாளில் திறக்கக் கோப்பாகத் தரும் சிஎஸ்வி ஏற்றுமதியை நான் மறந்தே போயிருந்தேன். = + - @ என்று தொடங்கும் கட்டத்தை விரிதாள் மென்பொருள் சூத்திரமாக எடுத்துக்கொள்ளும். ஒருவர் கருத்துப் பெட்டியில் எழுதிய சூத்திரம் அக்காவின் கணினியில் இயங்கும். அப்படித் தொடங்கும் கட்டங்களின் முன்னால் ஏற்றுமதியின்போது மட்டும் ஒரு மேற்கோள் போடுகிறேன். + குறியோடு வரும் தொலைபேசி எண்களின் முன்னாலும் அது விழுகிறது. பார்க்க அழகாக இல்லை. ஆனாலும் + தொலைந்து போவதற்கு இது மேல்.

பழைய தரவு

இதுதான் அதிக நேரம் எடுத்தது. தப்பினால் திரும்ப முடியாததும் இதுதான். முதலில் முழு நகல் எடுத்து, அதை இன்னொரு இடத்தில் மீட்டுப் பார்த்து, மீள்கிறது என்று உறுதி செய்துகொண்டேன்.

எத்தனை உறை இருந்தாலும் மாற்றம் நிற்கும்வரை உரித்துக்கொண்டே போகலாம் என்பது முதல் யோசனை. ஆனால் இது வலைப்பக்கம் எழுதக் கற்றுத்தரும் வகுப்புகளும் உள்ள இடம். 'இந்தக் குறியை ஏன் இப்படி எழுத வேண்டும்?' என்று கருத்துப் பெட்டியில் ஒருவர் &#039; என்பதை வேண்டுமென்றே எழுதியிருக்கலாம். எல்லாம் உரித்தால் அவருடைய கேள்வியே அழியும். எனவே ஸ்பெஷல்சார்ஸ் போட்ட ஓர் உறையை மட்டும், அதற்கு நேர் எதிரான ஃபங்ஷனால் எல்லா வரிசைக்கும் ஒரே ஒரு முறை உரித்தேன். அதன் பிறகும் உறை போலத் தெரிந்தவற்றை, பழைய வடிவம் ஒரு பத்தியிலும் புதிய வடிவம் பக்கத்திலுமாகப் பட்டியலிட்டுக் கண்ணால் பார்த்தேன். இருநூற்றுச் சொச்சம் வரிசைகள். அவற்றில் மூன்று உண்மையிலேயே கேள்விகள். அந்த மூன்றுக்காகத்தான் இரண்டு மாலைகள் போயின, போகட்டும்.

ஸ்ட்ரிப் டேக்ஸ் வெட்டியதை எந்த ஃபங்ஷனாலும் திருப்பித் தர முடியாது. < குறியை ஒட்டி இடைவெளி இல்லாமல் எதாவது வந்தால் அதை டேக்கின் தொடக்கம் என்று எண்ணி, > வரும்வரை, அது வராவிட்டால் கடைசி வரை, விழுங்கிவிடும். 'என் அனுபவம் <5 ஆண்டுகள், ஆனால்' என்று தொடங்கிய விண்ணப்பத்தில் 'என் அனுபவம்' மட்டும் மிஞ்சியிருந்தது. அறுந்த இடத்தில் அடையாளமும் இல்லை.

ஆனால் நிரலைத் துருவும்போது ஒன்று கண்ணில் பட்டது. புதுப் பதிவு வந்ததும் அலுவலகத்துக்குப் போகும் அறிவிப்பு மின்னஞ்சல், 'கிளீன்' வழியாகப் போகாத மூலத் தரவையே எடுத்திருந்தது. எழுதியவர் மறந்துவிட்டிருக்க வேண்டும். அக்காவிடம் கேட்டேன், பழைய அறிவிப்புகளை வைத்திருக்கிறீர்களா என்று. அவர் ஒன்றையும் அழித்ததில்லை.

அவற்றைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, நீளம் குறைந்த வரிசைகளை மட்டும் பிரித்துக் கொடுத்தேன். மின்னஞ்சலிலிருந்து எடுத்து, புதிய திருத்தும் பக்கத்தில் அக்காவே ஒவ்வொன்றாக ஒட்டினார். முதலில் ஒட்டியது அந்த <5 விண்ணப்பம். சேமித்தார், பக்கத்தை மூடினார், மறுபடி திறந்தார். தொலைபேசி எண்ணை மாற்றி இன்னொரு முறை சேமித்தார். மறுபடி திறந்தார். < குறி அதே இடத்தில் இருந்தது, அதற்குப் பின்னால் நான்கு வரியும் இருந்தன. பிறகு டி'சூசாவின் சான்றிதழை அச்சுக்குக் கொடுத்தார்.